பலகையில் ஐம்பது

ஒரே தாளில் மூன்று முறை கோட்டை விட்டவளிடம் போய்க் கணக்குக் கேட்க யாருக்கும் துணிச்சல் வராது. அக்காவுக்கு வந்தது. வேறு ஆள் கிடைக்காததும் ஒரு காரணம்.

தங்கைக்கு முப்பது வயது. பகலில் ஒரு லாரி கம்பெனியில் டீசல் பில் சரிபார்க்கும் வேலை. விடியற்காலையில் கணக்கியல் தேர்வுக்குப் படிப்பு. பதினான்கு தாளில் பதின்மூன்று தேறிவிட்டாள். முதலீட்டு மதிப்பீடு வரும் ஒரு தாள் மட்டும் அவளை விடுவதாக இல்லை. வீட்டில் அவளுக்கு ‘ஒருவேளை’ என்று பட்டப்பெயர். பஸ்ஸில் ஏறும்முன், “ஒருவேளை டயர் பஞ்சரானா?” என்று அடுத்த பஸ்ஸின் நேரத்தையும் பார்த்துவைத்துக்கொள்கிற ரகம்.

அக்காவும் மாமாவும் சலவைக் கடை நடத்தினார்கள். முன்னால் கவுன்ட்டர், நடுவில் துவைக்கும் மெஷின் இரண்டு, பின்னால் கொடிக்கயிறு கட்டிய ஒரு சந்து. காயப்போட இடமில்லாமல் தினமும் சில மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். உலர்த்தும் மெஷின் ஒன்று இருந்தால் அந்த மூட்டையும் கைக்கு வரும். விலை மூன்று லட்சம். அக்கா பதினோரு வருடமாகச் சேர்த்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை முன்பணம் வாங்க மெஷின்காரர் வருவதாக ஏற்பாடு.

“மொத்தமும் இதுல போகுதுடி. போனா போனதுதான். பாத்துச் சொல்லு” என்றாள் அக்கா.

தங்கை பரீட்சைக் கேள்வியாகவே அதை எடுத்துக்கொண்டாள். வருடத்துக்குக் கூடுதலாக நாலாயிரம் கிலோ துணி. கிலோவுக்கு வருவது ஐம்பது. கேஸ், கரண்ட், சோப்பு எல்லாம் சேர்த்துச் செலவு இருபத்தெட்டு. மெஷின் ஐந்து வருடம் உழைக்கும். நாளைக்கு வரும் காசு இன்றைய காசுக்கு ஈடாகாது என்பதால், வருடம் பத்து சதவீதம் என்று தள்ளி எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்கு இறக்கினாள். அதில் மெஷின் விலை போக முப்பத்து மூவாயிரத்து அறுநூறு மிஞ்சியது.

“அப்ப லாபம்!” என்று மாமா டீ போட எழுந்தார்.

“உக்காருங்க மாமா. இனிமேதான் விஷயமே இருக்கு. மத்ததை எல்லாம் அசையாம நிறுத்திட்டு, ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்கணும். எது எவ்வளவு ஆடினா இந்த மிச்சம் பூஜ்யமாகும்னு.”

ஆட்டிப் பார்த்தாள். மெஷின் விலை பதினோரு சதவீதம் ஏறினாலும் தாங்கும். துணி பத்து சதவீதம் குறையலாம். செலவு எட்டு சதவீதம் வரை ஏறலாம். ஆனால் சலவை விலை நாலரை சதவீதம் இறங்கினாலே போச்சு. அதாவது கிலோவுக்கு இரண்டு ரூபாய் சில்லறை.

“விலை மட்டும் ஏன் இவ்வளவு தொட்டாச்சிணுங்கியா இருக்கு?” என்றாள் அக்கா.

“துணி குறைஞ்சா அதுக்கான கேஸும் சோப்பும் மிச்சமாகும். விலை குறைஞ்சா செலவு அப்படியே நிக்கும்ல? அதான்.”

“சரி, விலை குறையுமா?”

“அதை இந்தக் கணக்கு சொல்லாதுக்கா. எவ்வளவு குறைஞ்சா முழுகுவோம்னுதான் சொல்லும்.”

“நல்லா இருக்குடி உன் படிப்பு! காய்ச்சல் நூத்தி நாலைத் தாண்டினா ஆபத்துன்னு சொல்ற டாக்டர், காய்ச்சல் அடிக்குதான்னு தொட்டுப் பாக்க மாட்டாராமா?”

தங்கைக்குச் சுருக்கென்றது. ஐம்பது என்ற விலை எங்கிருந்து வந்தது? சுவரில் மாட்டியிருந்த பலகையிலிருந்து. கேள்வித்தாளில் அச்சடித்த விலையை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பலகையையும் அப்படியே நம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, மாமாவின் கவுன்ட்டர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர். ஆறு கிலோ. பர்ஸைத் திறந்தார்; வாயைத் திறக்கவில்லை.

“முந்நூறு ஆகுது. நீங்க இருநூத்தி எழுபது குடுங்க, போதும்” என்றார் மாமா.

அடுத்து, பத்து கிலோ துண்டுகளோடு அழகு நிலையக்காரப் பெண். ஐந்நூறை நீட்டினாள்.

“ரொம்ப நாளா வர்றீங்க” என்று மாமா நாற்பதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இல்லையே, ரெண்டாவது தடவைதான்” என்றாள் அவள்.

“அதனால என்ன!”

ஒரு பெரியவர் மீதியே வேண்டாம் என்று கிளம்பினார். மாமா தெருமுனை வரை ஓடி அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பினார். கடை சாத்தும்போது நாற்பது பில். குறைக்கச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சராசரி கிலோவுக்கு நாற்பத்தாறு. அந்த விலையில் மெஷின் வாங்கினால் இருபத்தேழாயிரம் கைநட்டம்.

துணி மடிக்கும் மேஜைமேல் நோட்டை விரித்துக் காட்டினாள். அக்கா இரண்டு முறை படித்தாள்.

“ஊரான் துணியைத் துவைச்சு, ஊரானுக்கே காசும் குடுத்திருக்கோம். ஏங்க, யாருங்க கேட்டா?”

“யாரும் கேக்கலை. முகத்தைப் பாத்தா தெரியாதா, பாவம்?”

“அந்தப் பார்லர் அக்காவுக்குப் பல்வலி மாமா. எங்கிட்ட சொன்னாங்க” என்றாள் தங்கை.

மாமா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“காசு கேக்க எனக்கு நாக்கு எழும்ப மாட்டேங்குது. குறைச்சுச் சொன்னாத்தான் வார்த்தையே வருது. உங்க அக்காகிட்ட எப்படிச் சொல்றது?”

அக்கா வாய்வரை வந்த வசவை விழுங்கிவிட்டு நோட்டை மூடினாள். “நாளையிலேர்ந்து கவுன்ட்டர்ல நான். நீங்க மெஷின் பக்கம்” என்றாள்.

“நிஜமாவா?” மாமாவின் முகத்தில் பரீட்சை ரத்தான பையனின் களை.

“ஒருவேளை முழு விலை கேட்டா ஆளே வராம போயிட்டா? விலையும் துணியும் சேர்ந்து ஆடினா என் கணக்கு செல்லாதுக்கா” என்றாள் தங்கை.

“தொட்டுப் பாத்துருவோம்.”

வெள்ளிக்கிழமை மதியம் வரை பதினெட்டுப் பேர். பதினெட்டுப் பேரும் பலகை விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், “கடை கைமாறிடுச்சா?” என்று விசாரித்தார். ஒரு நாள் காய்ச்சலை வைத்து வியாதியைச் சொல்ல முடியாது என்று தங்கை முனகினாள். முனகிக்கொண்டேதான் வாங்கலாம் என்றும் சொன்னாள்.

நாலு மணிக்கு மெஷின்காரர் வந்தார். கொண்டுவந்து இறக்கி மாட்டிக்கொடுக்கத் தனியாகப் பதினையாயிரம் என்றார்.

“பாவம், தூரத்துலேர்ந்து...” என்று உள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

அக்கா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் பதினைந்து, நாலாக இறங்கியது. தங்கை தலையசைத்தாள். அக்கா முன்பணத்தை எண்ணி வைத்தாள்.

பிறகு கதவைத் திறந்தபோது, மாமா தரையில் மண்டியிட்டு, மெஷின் எங்கே நிற்கவேண்டும் என்று சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.