மூவாயிரத்து அறுநூறு வித்தியாசம்

விடைத்தாளில் தப்பான எண்ணைக் கண்டதும் மேடம் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். பிறகு பழைய கவர் ஒன்றைக் கிழித்து விரித்து, அதே தப்பான எண்ணை வைத்துக்கொண்டு முழுக் கணக்கையும் தானே போட ஆரம்பிப்பார். எழுதிய பிள்ளை முதல் வரியிலேயே பள்ளத்தில் விழுந்திருந்தால் இவரும் கூடவே இறங்குவார். அங்கிருந்து ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று கடைசி வரி வரை பார்ப்பார். நடந்திருந்தால், விழுந்த வரிக்கு மட்டும் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு மற்றதெல்லாம் முழுசாகக் கொடுத்துவிடுவார்.

"ஒரு தப்புக்கு ஒரு தடவதான் சார் தண்டிக்கணும். வரிக்கு வரி அடிச்சா அது திருத்துறதில்ல, பழி வாங்குறது."

விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். கல்லூரியின் உள்விளையாட்டு அரங்கம். அவருக்கு நேர் மேலே கூடைப்பந்து வளையம். நான் புவியியல்காரன். வரைபடத்தில் கடல் நீலமாக இருந்து, ஆறு மலையேறாமல் இருந்தால் எனக்குப் போதும். மாலைக்குள் நாற்பது தாளை முடித்துவிட்டுச் சோம்பல் முறிப்பேன். அவர் கணக்குப்பதிவியல். அவருக்கு நாற்பது தாளுக்கு ஒன்றரை நாள் வேண்டும். முகாமில் எல்லாரும் வைத்திருக்கும் பெயர் நூல்பிடி மேடம். அது அவருக்கும் தெரியும். "பட்டம் குடுத்தீங்க சரி, சால்வை எங்க?" என்று கேட்பார்.

வயது ஐம்பத்திரண்டு. குள்ளம். நாற்காலியில் வைக்க வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டுவருவார். கால்குலேட்டரின் சமக்குறி தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட். எவ்வளவு பசித்தாலும் மூன்றாவது கிடையாது. எவ்வளவு கேட்டாலும் எனக்கு ஒன்றும் கிடையாது.

இன்னொரு பழக்கம் உண்டு. எதையும் அழிக்கமாட்டார், கிறுக்கி மறைக்கவும்மாட்டார். எழுதியது தப்பென்றால் அதன்மேல் ஒற்றைக் கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி இருக்கவேண்டும். பக்கத்தில் சரியானது. அதன் பக்கத்தில், தப்பு யாருடையதோ அவருடைய சுருக்கொப்பம். கணக்குப் புத்தகத்தில் இதுதான் முறை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர் கடைக்கு எழுதும் சீட்டிலும் இதையே செய்கிறார். வெங்காயம் இரண்டு கிலோ, கோடு, ஒரு கிலோ, சுருக்கொப்பம். அவருடைய கணவர் ஒருநாள் அழைத்துப்போக வந்தபோது அந்தச் சீட்டை என்னிடம் காட்டினார். "கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பாக்கறான் சார். வெங்காயத்துக்குக் கையெழுத்து வாங்கின ஒரே புருஷன் நான்தானாம்."

அவரிடம் நீல அட்டை நோட்டு ஒன்று இருக்கிறது. இருப்புநிலைக் குறிப்பு என்பது ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் கடனும் முதலும். இரண்டும் சமமாக வரவேண்டும், அதாவது டேலி ஆகவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வராதபோது பிள்ளைகள் என்னென்ன செய்து வரவழைக்கிறார்கள் என்பதைப் பதினெட்டு வருடமாக அந்த நோட்டில் குறித்துவருகிறார். மூன்றை எட்டாக்குவது. 'இதர கடன்கள்' என்று இல்லாத ஒரு கடனைப் பெற்றுப்போடுவது. ஒன்றும் தோன்றாவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே தொகையை எழுதி, அடியில் அழுத்தமாக இரட்டைக் கோடு போடுவது. இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதி ஒரு இதழுக்கு அனுப்பினார். தரவு போதாது என்று திரும்பி வந்தது. "பதினெட்டு வருஷம் போதாதாம் சார். இன்னொரு ஜென்மம் எடுத்து அனுப்பறேன்னு எழுதிடட்டுமா?"

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய நிறுவனம் கவிழ்ந்தது. கவிழும் வரை அதன் கணக்கு வருடாவருடம் அழகாக டேலி ஆகியிருந்தது. தணிக்கையாளர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காற்று அமைப்பு, கணக்குப் படிப்பவர்களுக்குச் சந்தேகப்படவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தப் புதிய பாடத்தை எழுத ஒரு குழு. இவர் இரண்டு வருடமாக அலைந்து, மனுப் போட்டு, பாடத்தின் முதல் வரைவையும் எழுதிக் கொடுத்து, அந்தக் குழுவில் இடம் பிடித்திருந்தார். பட்டியல் அடுத்த வாரம் வெளிவருவதாக இருந்தது. பெயர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த அன்று எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

முகாமின் மூன்றாம் நாள் அவர் பதினொரு மணிக்குப் பிஸ்கட்டைத் தொடவில்லை. கவர்கள் குவிந்துகிடந்தன. "சார், ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா?" என்றார். மாடிப்படிக்கு அடியில் நின்றோம்.

"பதினாறு மார்க் கேள்வி தப்பு சார். அந்தக் கணக்கு டேலியே ஆகாது. மூவாயிரத்து அறுநூறு உதைக்குது."

"எடுத்த ஆளு தூங்கிட்டு எடுத்திருப்பான். விடுங்க."

"எடுத்தது நான்தான்."

கேள்வி எடுத்தவர் யாரென்பது முகாமில் யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம். அதை என்னிடம் சொன்னதிலேயே அவர் எவ்வளவு கலங்கியிருந்தார் என்று புரிந்தது. கடைசி நேரத்தில் ஆரம்பச் சரக்கிருப்பை 28,400லிருந்து 32,000 ஆக மாற்றியிருக்கிறார். அதற்கு ஈடாக மறுபக்கத்தில் மாற்ற மறந்துவிட்டார். விடைக்குறிப்பு பழைய எண்ணை வைத்து எழுதியது. அதில் டேலி ஆகிறது. "ஒவ்வொரு தாளா நூல் பிடிச்சுக்கிட்டே வந்தேன் சார். கடைசில என் வீட்டு வாசல்லயே வந்து நிக்குது."

"சரி, எத்தன பேர் டேலி பண்ணாம விட்டிருக்காங்க?"

"நாப்பதுக்கு நாலு பேர். டேலி ஆகவே முடியாத கணக்க முப்பத்தாறு பேர் டேலி பண்ணி வெச்சிருக்காங்க சார்." அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "அதுங்களச் சொல்லி என்ன? டேலி ஆகலன்னா நாலு மார்க் போச்சுன்னு பயமுறுத்தி வளத்தது நாமதானே."

கையோடு கொண்டுவந்திருந்த நான்கு தாள்களில் ஒன்றைக் காட்டினார். பெயர் கிடையாது, எண் மட்டும். கணக்கு வரி பிசகாமல் போட்டிருந்தது. அடியில் பிள்ளைக் கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தது: '3,600 வித்தியாசம் வருகிறது. மூன்று முறை கூட்டிவிட்டேன். எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை. மன்னிக்கவும்.' விடைக்குறிப்பின்படி அந்த நான்கு மதிப்பெண் இல்லை. மொத்தம் முப்பத்தேழு. தேர்ச்சிக்கு நாற்பது.

நான் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதை ஆகிவிடும், பேசாமல் இருங்கள் என்றேன். குழுவில் போய் உட்கார்ந்து நல்ல பாடம் எழுதினால் ஆயிரம் பிள்ளைகளுக்கு நல்லது, ஒரு பிள்ளை மறுபடி எழுதிக்கொள்ளும் என்றும் சொன்னேன்.  அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளோடு நேராக முதன்மைத் தேர்வாளரின் மேசைக்குப் போனார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

முதன்மைத் தேர்வாளர் கெட்டவரில்லை. தலைக்குமேல் வேலை உள்ளவர். பதினோராயிரம் தாளுக்குப் பொறுப்பு. நானும் பின்னாலேயே போய் நின்றேன். மேடம் கேள்வியில் இருந்த தப்பைச் சொன்னார்.

"மேடம், இத மேல எழுதினா கேள்வி எடுத்தவர் யாருன்னு நோண்டுவாங்க. அஞ்சு வருஷத்துக்கு எந்தக் குழுவிலயும் சேக்க மாட்டாங்க. யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷன் வயித்துல ஏன் அடிக்கணும்?"

"அந்தப் பாவப்பட்ட மனுஷி நான்தான் சார்."

முதன்மைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "அப்ப இன்னும் சுலபம். எல்லாருக்கும் நாலு மார்க் கருணை மதிப்பெண் போட்டுடலாம். காரணம் எழுதவேண்டாம். உங்களுக்கும் சேதமில்ல."

"எல்லாருக்கும் குடுத்தா உள்ளத உள்ளபடி எழுதின பிள்ளைக்கும் இட்டுக்கட்டின பிள்ளைக்கும் என்ன சார் வித்தியாசம்? மத்தவங்களுக்குக் குறைக்க வேண்டாம். ஆனா வித்தியாசத்த வித்தியாசமாவே விட்டதுதான் சரியான விடைன்னு விடைக்குறிப்புல ஏறணும். அதுக்குக் காரணம் எழுதித்தான் ஆகணும்."

"குழு?"

"போகட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

அறிக்கைப் படிவத்தை அங்கேயே நின்றபடி நிரப்பினார். 'பிழைக்குப் பொறுப்பு' என்ற இடத்தில் கை நிற்கவில்லை. அதன்பிறகு இரண்டு நாள் தலையணையில் உட்கார்ந்து அமைதியாகத் தாள் திருத்தினார். பிஸ்கட் மட்டும் பொட்டலத்திலேயே இருந்தது.

அதற்கடுத்த நாள் காலை ஒரே உறையில் இரண்டு தாள்கள் வந்தன. ஒன்று, விடைக்குறிப்பு திருத்தப்பட்டது, வித்தியாசத்தைக் காட்டிய விடைக்கு முழு மதிப்பெண் தரலாம் என்றது. மற்றது, வினா எடுக்கும் பணியிலிருந்தும் பாடத்திட்டக் குழுவிலிருந்தும் அவர் ஐந்தாண்டுக்கு விடுவிக்கப்படுகிறார் என்றது. இரண்டாவதை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியதை நான் பார்த்தேன். மடித்து நீல நோட்டுக்குள் வைத்தார்.

பிறகு கட்டைப் பிரித்து அந்தத் தாளை எடுத்தார். முகப்பில் முப்பத்தேழின்மேல் ஒற்றைக் கோடு போட்டு நாற்பத்தொன்று என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்தார். அதோடு மூடிவைப்பார் என்று நினைத்தேன். விடைத்தாளில் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது விதி. அவர் பதினாறு மதிப்பெண் பக்கத்தைத் திருப்பினார். அடியில் பிள்ளை எழுதியிருந்த 'மன்னிக்கவும்' என்ற சொல்லின்மேல், அது படிக்கும்படியே, ஒற்றைக் கோடு போட்டார். பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார்.