ஏறுகிற வண்டிக்கு வழி

போன மழைக்காலத்தில் மலையிலிருந்து குப்பனூர் ரோட்டில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் ஓட்டிய ஜீப்புக்குப் பிரேக் பிடிக்காமல் போயிற்று. உள்ளே கொட்டச்சேடு ஊர்ச் சனங்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர் வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்து நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சேர்வராயன் சாமி கைகொடுத்தார் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன்.

வண்டியைச் சரிபண்ணிக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் அவர் அதில் ஏறவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போக ஆரம்பித்தார். டவுனுக்கு என்றாலும் நடைதான். பஸ்ஸில்கூட உட்கார மாட்டார். கடைசியில் குப்பனூர்க்காரர் ஒருவரிடம் ஜீப்பை விலை பேசி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

வண்டி போவதில் எனக்கு வருத்தமில்லை. வண்டியோடு மனுசரும் போய்விடுவாரோ என்றுதான் பயம். முன்பெல்லாம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பேச்சும் சிரிப்புமாகத்தான் இறங்குவார். இப்போது சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். விளக்கு ஏற்றும்போது, அவர் பழையபடி ஆகணும் சாமி என்று கும்பிடுவேன். அடுத்த மூச்சிலேயே, அந்த ரோட்டுக்கு அவரை அனுப்பிவிடாதே என்றும் கும்பிடுவேன். இரண்டையும் கேட்டால் சாமி எதைத்தான் கொடுப்பார்?

சனிக்கிழமை காலையில் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வந்தாள். ஆபீஸ் சிநேகிதியிடம் இரவல் வாங்கியதாகச் சொல்லி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். உள்ளே உள்ளங்கை அளவில் இரண்டு பொம்மைக் கார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு கேமரா. கண்ணை மூடும்படி தலையில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்செட். அதை மாட்டினால் காருக்குள் நாமே உட்கார்ந்து ஓட்டுவதுபோல் தெரியுமாம். இன்னொரு காரை போனைப் பார்த்து ஓட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் பூஜை போடாமல் எடுத்ததில்லை. மகள் குளிக்கப் போன நேரத்தில், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் பெரிதாக இருந்ததால் அரிந்து துண்டாக வைத்தேன். நெற்றி என்று தெரிந்த இடத்தில் சந்தனம் தடவி, குங்குமமும் வைத்தேன்.

அவள் வந்து முதலில் என் தலையில்தான் ஹெட்செட்டை மாட்டினாள். "என்னங்கம்மா தெரியுது?"

"மஞ்சளும் செவப்புமா நொம்ப மங்களகரமா இருக்கு கண்ணு."

அவள் காரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அம்மா, கேமரா மேலயே பொட்டு வெச்சிருக்கீங்க! வண்டி கண்ண அவிச்சுட்டீங்களே!"

துடைத்துக் காரைக் கீழே வைத்த பிறகு பார்த்தால், என் கால் தூண்போல் எதிரில் நின்றது. வாசற்படி பெரிய மலையாகத் தெரிந்தது. தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டேன். பொட்டைக் காரின் கூரைமேல் வைத்துக்கொண்டேன்.

நடுவீட்டில் கிளம்பி, வாசற்படியில் சாய்த்த பலகை வழியாகக் காபி காயப்போடும் களத்துக்கு இறங்கி, தண்ணீர் டிரம்மைச் சுற்றி, அதே பலகையில் ஏறி வீட்டுக்குள் வர வேண்டும். அதுதான் ரேஸ். மகள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"எனக்கெதுக்கு கண்ணு. நீங்க ரெண்டு பேரும் வெளையாடுங்க."

"பொம்மைதானுங்கப்பா. இதுக்குக்கூட பயமா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டுக்குக் கை நீட்டினார்.

காரை ஓட்டுவதற்கான பொத்தான் வைத்த கட்டை கையில் இருந்தும், காலிரண்டும் தரையில் கிளட்சும் பிரேக்கும் தேடின. கார் பலகையின் தலைப்புக்கு வந்து இறங்க ஆரம்பித்ததும் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். கழுத்தெல்லாம் வேர்வை. "நிக்கல, நிக்கல" என்றார்.

"விரல எடுங்கப்பா, தானா நிக்கும்!"

எடுத்தார். பாதிப் பலகையில் கார் நின்றது. அவரும் அப்படியே இருந்தார். "நின்னுருச்சு" என்றார், எங்களிடம் சொல்வதுபோல் இல்லாமல்.

அப்புறம் மெதுவாக இறங்கி டிரம்மைச் சுற்றினார். அடுத்த சுற்றில் வேகம் வந்தது. ஹெட்செட்டுக்குள் மட்டும் படமாகத் தெரியும் வண்டிகளும் இந்த ஆட்டத்தில் உண்டு. அவர் கண்ணுக்கு அதெல்லாம் ரோட்டில் ஓடுவதுபோலத்தான். "எவனோ ஹாரன் அடிக்காம முந்தறான் பாரு" என்று திட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

கடைசிச் சுற்றுக்கு அவர்தான் முதலில் இறங்க வந்தார். பலகைக்கு மேலே அவர் கார் வந்தபோது, முந்தின சுற்றை முடிக்கக் கீழிருந்து மகள் கார் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் காரை நிலைப்படி ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். வாயால் "பாம், பாம்" என்று ஹாரன் அடித்தார். கையை வெளியே நீட்டி, வா வா என்று வீசினார். மகள் கார் ஏறி, அவரைத் தாண்டிப் போன பிறகுதான் கிளம்பினார். நின்ற நேரத்தில் மகள் எட்டிப் பிடித்துவிட, தோற்றும் போனார்.

"ஏனுங்கப்பா, ரேஸ்ல யாராச்சும் வழி விடுவாங்களா?"

"ஏர்ற வண்டி கண்ணு. பாதியில நிறுத்துனா மறுபடி எடுக்கறது செரமம். எறங்கறவன்தான் நிக்கோணும்."

ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். வாசலில் தார்ப்பாய் மூடிய ஜீப்தான் நின்றது.

மறுநாள் குப்பனூர்க்காரர் சொன்னபடி வந்தார். "ஒருக்கா ஓட்டிப் பாத்துக்கறேனுங்க" என்று சாவிக்குக் கை நீட்டினார். என் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கவில்லை. "நீங்க பக்கத்துல ஏறுங்க. நான் ஓட்டிக் காட்டறேன்" என்றார்.

மகள் என் கையைப் பிடித்தாள். ஜீப் மஞ்சக்குட்டை ஊர்ப் பக்கம் இறங்கியது. முதல் வளைவில் ஹாரன் கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிட வார்த்தை வரவில்லை. எங்கோ ஒரு பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. அது போன பிறகு மறுபடி ஹாரன். பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார்.

திரும்பி வந்ததும் குப்பனூர்க்காரர், "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. இப்பவே எடுத்துக்கட்டுங்களா?" என்றார்.

"குடுக்கறதா இல்லீங்க. தப்பா நெனைக்காதீங்க."

"இதச் சொல்லவா என்னை இத்தன தூரம் வர வெச்சீங்க?" என்று அவர் சத்தம் போட்டார். நியாயம்தான். காபி கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தார்.

இப்போது என் வீட்டுக்காரர் காலையில் மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றிப் போகிறார். குப்பனூர் ரோட்டில் மட்டும் இன்னும் இறங்குவதில்லை. நானும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் ஜீப்புக்குப் பொட்டு வைக்கிறேன், கண்ணாடியில் படாமல்.