கிராம்பு வைத்த பல்

மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் வாரத்தில் எனக்குப் புரியாமல் போனது மொழி அல்ல, மழையும் அல்ல. மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் சரக்குக் கிடங்கின் வாசலில் பெண்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக வாயைத் திறந்து காட்டிவிட்டு வெளியே போனார்கள். காவல்காரர் குஞ்ஞப்பன் சேட்டன் கையில் டார்ச் விளக்கோடு நின்று, "வாய துறக்கு" என்பார். நாக்கைத் தூக்கச் சொல்வார். கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டச் சொல்வார். "போய்க்கோ" என்றதும் அடுத்தவள் முன்னால் வருவாள். கேரளத்தில் சுகாதாரம் மேலானது என்று பத்திரிகைகளில் படித்துவிட்டு வந்தவன் நான். 1971 ஜூன் மாத நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "இங்கே தொழிலாளர்களின் பற்களைத் தினமும் பரிசோதிக்கிறார்கள். நம் ஊரில் இந்த வழக்கம் இல்லை." பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். தேதி போட்டு எழுதியதைக் கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அது கிராம்புத் திருட்டுக்கான சோதனை என்பது இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. எங்கள் போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களைச் சோதிப்பதுண்டு. அங்கே மடியை உதறச் சொல்வார்கள், அவ்வளவுதான். இங்கே வாய். நான் மூட்டைகளின் மேல் அச்சுத்தகடு வைத்து, சரக்கின் பெயரும் போக வேண்டிய துறைமுகமும் தேதியும் எழுதுகிறவன். என் மனைவி செண்பகம் மறு வருடம் அதே கிடங்கில் கிராம்பு பொறுக்கச் சேர்ந்தாள். காம்பும் தலை உடைந்ததும் நீக்கி முறத்தில் பிரித்துப் போடுகிற வேலை. அவள் சேர்ந்த பிறகுதான் அந்த வாய்களுக்குள் இருந்த உண்மை எனக்குத் தெரிந்தது. யாரும் விற்பதற்காகக் கிராம்பை எடுக்கவில்லை. சொத்தைப் பல்லின் குழிக்குள் ஒரு கிராம்பை அழுத்தி வைத்துக்கொண்டால் அன்றைய பகல் நகர்ந்துவிடும். மாலையில் வாசலுக்கு வருமுன் அதைத் துப்பிவிட வேண்டும். மறந்தால் குஞ்ஞப்பன் சேட்டனின் வெளிச்சத்தில் மாட்டும். அவர் பெரும்பாலும் விளக்கைச் சற்றுத் திருப்பிக்கொள்வார். அவருக்கும் கடைவாயில் இரண்டு பல் இல்லை.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் கேட்பார்கள், கேரளத்தில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம் என்று. பஞ்சம் இல்லை. எங்கள் மகள் பிறந்தபோது இங்கே செண்பகத்துக்குக் கிடைத்த கவனிப்பைப் போடியில் நான் கண்டதில்லை. தடுப்பூசி போட வீடு தேடி வந்தார்கள். ஆனால் பல் மட்டும் உடம்பில் சேராத உறுப்பாக இருந்தது. நாங்கள் போகக்கூடிய அரசு ஆஸ்பத்திரியில் பல் வைத்தியர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் இருப்பார். டோக்கன் காலை எட்டு மணிக்குக் கொடுப்பார்கள், அரை மணியில் தீர்ந்துவிடும். கிடங்கின் கதவு எட்டு மணிக்குச் சாத்தப்படும். டோக்கன் வரிசையில் நின்றால் அன்று வேலை இல்லை. இரண்டு முறை அப்படி ஆனால் உங்கள் முறத்துக்கு முன்னால் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். தினக்கூலிப் பெண்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரியும் எங்களுக்கு இல்லை. போடியில் ஒரு டாக்டர் தன் வீட்டு முன்னறையில் விளக்கு வைத்த பிறகு உட்காருவார். வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு போய்ப் பல்லைக் காட்டலாம். அந்த வசதி ஒரு வசதி என்பதே இங்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

1977 ஐப்பசியில், இங்கே துலாம் மாதம் என்கிறார்கள், செண்பகத்துக்குக் கீழ்வரிசையின் வலது கடைசிப் பல் நோக ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால். பிறகு சோறு பட்டால். பிறகு எதுவும் படாமலே. சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இன்று எப்போது தொடங்கியது, எப்போது அடங்கியது என்று கேட்டு எழுதிக்கொள்வேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்துக்கும் தேதி போட்டு எழுதுறீங்களே, இந்தப் பல்லைப் புடுங்க ஒரு தேதி வாங்கிக் குடுங்களேன்."

அப்படித்தான் மனு பிறந்தது. நான் கேட்டது பெரிதல்ல. வாரத்தில் ஒருநாளாவது மாலை நான்கு மணிக்கு மேல் டோக்கன் கொடுக்க வேண்டும். பல் வலிக்காக அரை நாள் போனவளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கிடங்குகளுக்கு உத்தரவு வேண்டும். தினக்கூலிப் பெண்களையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். மனுவைத் தமிழில் எழுதி, அதை மலையாளத்தில் மாற்றித் தரச் சொல்லி ஹம்சக்காவிடம் கொண்டு போனேன். அவர் சுமை தூக்குகிறவர்களின் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே 'இக்கா' என்று அழைப்பார்கள். ஹம்ச இக்கா எல்லோருக்கும் ஹம்சக்கா ஆகியிருந்தார். சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் கடை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

"எந்தா அண்ணாச்சி, பல்லு வேதனைக்கு சமரம் வேணோ? கொடி பிடிக்கணோ?"

"போராட்டம் எல்லாம் வேண்டாம் இக்கா. மொழிபெயர்த்தால் போதும்."

"காலு ஒடிஞ்ஞால் யூனியன் வரும். பல்லு அவரவர்டெ வாயில் அல்லே?" என்றார். சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கி எழுதியும் கொடுத்தார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆதாரம் இல்லாத மனு குப்பைக்குப் போகும் என்று நான் படித்த புத்தகங்கள் எல்லாம் எனக்குச் சொல்லியிருந்தன. கிடங்குப் பெண்களில் யாருக்கு எந்தப் பல், எந்தக் கிழமையில் வலி, எத்தனை நாள் கிராம்பு வைத்துக்கொண்டு வேலை செய்தாள் என்று மூன்று மாதம் கேட்டுக் கேட்டு எழுதினேன். கம்பத்திலிருந்து வந்த மாரியக்கா, "ஏ தம்பி, பல்லு இருக்கிறவ பேரு மட்டுமா, போனவ பேரும் உண்டா?" என்று ஈறைக் காட்டிச் சிரித்தாள். பட்டியலை இணைப்பாகத் தைத்தேன். முதல் பெயர் செண்பகம். வைத்தியம் கிடைக்காதவர்கள் எதை வைத்துக்கொண்டு பகலைத் தள்ளுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இருக்க முடியாது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

1978 ஜனவரியில் சுகாதார அலுவலகத்தில் கொடுத்தேன். அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இது எத்ர நாளாயி?" என்று கேட்டார். இங்கே வந்து எத்தனை நாளாயிற்று என்று வெளியூர்க்காரனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் என்று நினைத்து, "ஆறு வருடம் ஏழு மாதம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆறு கொல்லமோ? இத்ர நாள் பல்லு வேதனையோ?" அடுத்த மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நான் கொச்சிக்கு வந்த கணக்கைச் சொன்னேன் என்று விளக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதி முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த சத்தம் எனக்கு வாக்குறுதி போலக் கேட்டது.

அவர் எழுதியது, 'கிடங்கு உரிமையாளரின் கருத்துக்கு' என்பது. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாசலில் வரிசை நின்றபோது மானேஜர் கையில் காகிதத்தோடு வந்து குஞ்ஞப்பன் சேட்டனுக்குப் பக்கத்தில் நின்றார். என் பட்டியல். அதை நான் தமிழிலேயே எழுதித் தைத்திருந்ததால், ஒரு தமிழ்க் குமாஸ்தாவை விட்டுப் படிக்கச் சொன்னார். "செண்பகம். செவ்வாய். காலை முதல் மாலை வரை ஒரு கிராம்பு. மாரியம்மாள். வெள்ளி. இரண்டு கிராம்பு." ஐந்து பெயர்கள், கிழமையும் எண்ணிக்கையுமாக. நான் வலிக்கு வைத்த சாட்சி, திருட்டுக்கு வைத்த சாட்சியாக அங்கே வாசிக்கப்பட்டது. ஐந்து பேரும் மறுநாள் முதல் வர வேண்டாம் என்றார். எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கேட்டுக் கேட்டு எழுதியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாரியக்கா என்னிடம் வந்து நின்றாள்.

"தம்பி, நீ நல்லா எழுதுவேன்னு தெரியும். இவ்வளவு நல்லா எழுதுவேன்னு தெரியலையே."

குஞ்ஞப்பன் சேட்டன் டார்ச்சை அணைத்துவிட்டு, "ஞான் இத்ர கொல்லம் காணாத்தது நீ எழுதி காணிச்சு" என்றார். இத்தனை வருடம் அவர் பார்க்காமல் விட்டதை நான் எழுதிக் காட்டிவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. மூட்டைகளுக்குத் தேதி எழுத ஆள் வேண்டும். மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். வீட்டில் இருந்த இரண்டு கூலியில் ஒன்று போய்விட்டது, மற்றதையும் விட எனக்குத் தைரியம் இல்லை.

அன்று செண்பகம் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள். கதவைத் திறந்த பிறகு கேட்டாள், "என் பேரைத்தான் முதல்ல எழுதுனீங்களா?"

"ஆமா."

"அந்த மட்டும் சரி. பொண்டாட்டி பேரை ஒளிச்சு வச்சுட்டு மத்தவ பேரைக் குடுக்கல."

வேலை போனதால் செவ்வாய்க்கிழமை காலை அவளுக்குச் சொந்தமானது. ஏப்ரலில் முதல்முறையாக டோக்கன் வரிசையில் நின்றாள். மூன்றாவது டோக்கன். பல் வைத்தியர் விடுப்பு, வெள்ளி வரச் சொன்னார்கள். புதன் காலை தாடை வீங்கியது. வியாழன் காலை வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது; எச்சிலை விழுங்க முடியவில்லை, காய்ச்சலில் உடம்பு கொதித்தது. தனியார் டாக்டர் ஒருவர் வாசலிலேயே பார்த்துவிட்டு, எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போ என்றார். படகில் அவள் தலையை என் தோளில் வைத்திருந்தேன். மூச்சு விசில் போல வந்தது. காயலின் நடுவில் படகு மெதுவாகத்தான் போகும், எல்லா நாளும் போகிற வேகம்தான். அன்று அது நிற்கிறது என்று தோன்றியது. மகள் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தால் யாரிடம் இருப்பாள் என்று யோசித்தேன். இவள் இல்லாமல் போடிக்கு எப்படிக் கடிதம் எழுதுவேன், எந்தத் தேதி போடுவேன் என்றும் யோசித்தேன். ஒரு பல்லுக்காக ஒருத்தி சாவாள் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பிழைத்தாள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள், பல்லையும் பிடுங்கினார்கள். பதினொரு நாள் கழித்து வீடு திரும்பியபோது வாய் அரைகுறையாகத்தான் திறந்தது. டாக்டர் தன் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, இவ்வளவு திறக்க வேண்டும், தினமும் பயிற்சி செய்யுங்கள் என்றார். அவளுக்கு இரண்டு விரல்தான் போனது. அக்டோபரில் வேறொரு கிடங்கில் வேலை கேட்டுப் போனாள். அங்கும் வாசலில் ஒரு டார்ச் விளக்கு. "வாய துறக்கு." திறக்க முடியவில்லை. அதற்குமேல் திறக்காதவள் எதையோ ஒளிக்கிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு கும்பளங்கிப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே வாளியைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வருடக் கடைசியில் ஹம்சக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சிரிக்கவில்லை. செண்பகத்தின் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். "பல்லு அவரவர்டெ வாயில் ஆணு எந்நு ஞான் பறஞ்ஞு. தெற்றிப் போயி" என்றார். தவறிவிட்டது என்றுதான் அர்த்தம். சங்கத்தின் பெயரில் மறுபடி மனு போடலாம், இந்த முறை பட்டியல் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றார். பெயர் இல்லாமல் யார் நம்புவார்கள் என்று நான் தயங்கினேன். அடுப்படியிலிருந்து செண்பகம் சொன்னாள், "என் பேரு ஏற்கனவே கெட்டதுதானே. அதை மட்டும் போடுங்க." போட்டோம். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வருடமும் போட்டோம். அதற்கடுத்த வருடமும். ஹம்சக்கா எங்கே கூட்டம் நடந்தாலும் கடைசியில் எழுந்து பல் டோக்கன் பற்றிப் பேசுவார். "பல்லு ஹம்ச" என்று அவருக்குப் பெயரே விழுந்தது.

1981இல் ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரிச் சுவரில் புதிதாகப் பெயின்ட் அடித்த பலகையைப் பார்த்தேன். புதன் மாலை நான்கு முதல் ஆறு வரை பல் பிரிவு. இருபது டோக்கன். எங்கள் மனுவால்தானா என்று தெரியாது, யாரும் சொல்லவில்லை. மற்ற இரண்டு கோரிக்கைகளுக்கு இன்று வரை, 1986 வரை, ஒரு வரி பதில் இல்லை. ஐந்து பேரில் யாருக்கும் அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மாரியக்கா கம்பத்துக்கே போய்விட்டாள். நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கிடங்குப் பெண்களின் பற்களைப் பற்றி அதன்பின் நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

சென்ற வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போடி போயிருந்தோம். பந்தியில் என் அத்தை மகள், "என்ன மதினி, மலையாளத்துல இருந்து இருந்து பேச்சே மாறிப்போச்சு. எல்லாம் வாய்க்குள்ளயே பேசுறீங்க!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகமும் தலையை ஆட்டினாள். திரும்பி வந்த வாரம், அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் புதன்கிழமை டோக்கன் வரிசையில் நின்றாள். ஜன்னலுக்குள் இருந்தவர் அவள் சொன்ன பெயரை இரண்டாம் முறை கேட்டுவிட்டு, "தமிழத்தி அல்லே? பேச்சு கேட்டால் அறியாம்" என்றார். அவரிடமும் தலையை ஆட்டினாள். இரண்டு ஊரும் மற்ற ஊரின் பேச்சு என்று நினைப்பது எந்த ஊரின் பேச்சும் அல்ல, வாய் திறக்காத பேச்சு என்று அவள் யாருக்கும் விளக்குவதில்லை.

காலையில் கொட்டகைக்குக் கிளம்புமுன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பயிற்சி செய்கிறாள். எட்டு வருடமாகிறது. விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்ப்பாள். நான் நாட்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். இன்றும் இரண்டு. மூன்றாவது விரல் உதட்டுக்கு வெளியே நிற்கிறது.