உடனே கிடைத்த லீவு

போன ஆடி மாதம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். எல்லாம் ஓடினால் என்னை யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் வசவு வாங்குகிற பிழைப்பு.

ஒரு நாள் கேன்டீனில் எச்.ஆர். அதிகாரி சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஒரு கதை சொன்னார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னிப் பெண் ஒருத்தி, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஊருக்குப் போயிருக்கிறாள். லீவு கேட்பதற்கென்று வைத்திருக்கும் டச் ஸ்கிரீன் மிஷினில் அவள் லீவு பதிவே ஆகவில்லை. திரும்பி வந்தவளை, சொல்லாமல் நின்றதாக வேலையைவிட்டே எடுத்துவிட்டார்கள்.

"கேட்டா, மிஷின்ல போட்டேன், உடனே அப்ரூவ் ஆச்சுங்குது. நம்ம கம்பெனில உடனே லீவு குட்த்துருவாங்களாம்பா! அந்தப் பொண்ணு எதிர்லயே நானும் போட்டுப் பார்த்தேன், கரெக்டா வேலை செய்யுது. இன்னா அப்ரூவல் நம்பர் வந்துச்சுன்னு கேட்டா, ஏழுல ஆரம்பிச்சு மூணே டிஜிட்டு சொல்லுது. நம்முளுது எல்லாம் ஆறு. பொய் சொல்றதுக்கும் ஒரு அறிவு வேணாம்?"

மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் அந்த நம்பர் உறுத்தியது. ஏழில் ஆரம்பிக்கும் மூன்று இலக்க நம்பரைத் தருவது, புது மாற்றங்களை ஒத்திகை பார்க்க நாங்கள் வைத்திருக்கும் சோதனை சர்வர். எதைக் கேட்டாலும் 'அப்ரூவ்டு' என்று சொல்லிவிடும். தொழிலாளர்கள் யாரும் அதைப் பார்க்கவே வழியில்லை. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு அந்த நம்பர் எப்படித் தெரியும்?

கையைக் கழுவிவிட்டு ஓடினேன். லீவு மிஷினுக்குப் பின்னால் இரண்டு சர்வர்கள். வருகிற வேலையை இரண்டுக்கும் பிரித்து அனுப்புவது லோட் பேலன்சர். சாப்பாட்டு வரிசையை இரண்டு கவுண்டருக்குப் பிரித்துவிடும் செக்யூரிட்டி மாதிரி. அதற்கு சர்வரின் பெயர்தான் தெரியும். முகவரியை, டெலிபோன் டைரக்டரி மாதிரி பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ்.ஸிடம் கேட்டுக்கொள்ளும். சர்வரைப் பராமரிக்கிற வெளிக் கம்பெனிக்காரர்கள் இரண்டாவது சர்வரை வேறு முகவரிக்கு மாற்றி, டி.என்.எஸ்.ஸில் இருந்த பழைய பெயரையும் அழித்திருக்கிறார்கள். அதை பேலன்சரிடம் சொல்லவில்லை. பாவம் அது, கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறது. பதில் இல்லை. பதில் வராவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரியையே வைத்துக்கொள் என்பது அதன் அமைப்பு. டி.என்.எஸ். கொஞ்ச நேரம் மக்கர் செய்தாலும் வேலை நிற்கக் கூடாதே என்று யோசித்துச் செய்த ஏற்பாடு, தப்பே இல்லை. ஆனால் அந்தப் பழைய முகவரியில் சோதனை சர்வரைக் குடிவைத்துவிட்டார்கள். 'உயிரோடு இருக்கிறாயா' என்று பேலன்சர் கேட்க, அதுவும் 'இருக்கிறேன்' என்றிருக்கிறது. பிறகென்ன, பாதிப் பேரின் லீவு அங்கே போய்விட்டது. எச்.ஆர். அதிகாரி போட்டுப் பார்த்தது மட்டும் நல்ல சர்வருக்குப் போயிருக்கிறது.

பழைய ஆட்கள் மிஷினை நம்பாமல் சூப்பர்வைசரிடமும் வாயால் சொல்லிவைப்பார்கள், தப்பித்தார்கள். இவள் புதுசு, திரையை நம்பிவிட்டாள். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவதால் படம் எடுக்கவும் வழியில்லை. நம்பரை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறாள். அதுதான் அவளுக்கிருந்த ஒரே சாட்சி. அதைச் சொன்னதற்குத்தான் சிரித்திருக்கிறார்கள்!

சோதனை சர்வரில் அவள் பெயரும் அந்த நம்பரும் அப்படியே இருந்தன. எச்.ஆர். அதிகாரியிடம் காட்டினேன். முகம் செத்துவிட்டது அவருக்கு. "சர்தான்பா, திரும்ப வரச் சொல்லிடு" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் அவள் தங்கியிருந்த அறைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஊரில் இருந்தவளைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"சார், இதை எங்கம்மாட்ட ஒரு வாட்டி சொல்லுதியளா? நான் சொன்னா நம்ப மாட்டுக்கா."

அம்மாவிடம் சொன்னேன். மிஷின்தான் தப்பாகக் காட்டியது, உங்கள் பெண் பொய் சொல்லவில்லை என்றேன். அந்த அம்மாள் உடைந்துபோய் அழுதார்.

"எனக்காவத்தானய்யா லீவு போட்டா. அவ்வளவு பெரிய கம்பெனி பொய்யா சொல்லும்னு, புள்ளையப் போட்டு அடிச்சிட்டேனேய்யா."

அவள் திரும்பி வரவில்லை. பேலன்சரை அன்றே சரிசெய்துவிட்டேன். இப்போது பெயருக்கு முகவரி கிடைக்காவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு அந்த சர்வரை ஒதுக்கிவிடும், எனக்கும் தகவல் வரும். ஆனாலும் யாராவது "எனக்கு அப்படித்தான் சார் காட்டுச்சு" என்று வந்து நின்றால், மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களை உட்காரவைத்து முழுசாகக் கேட்கிறேன். அந்தப் பெண் வாங்கிய அடியை மட்டும் என்னால் எதைச் சரிசெய்தும் திருப்பி எடுக்க முடியவில்லை.