குருவிகள் கீழே பார்த்த தோரணம்

என் தங்கை கனடாவிலிருந்து கொண்டுவந்த மாலையை நான் முதலில் பார்த்தது அவளுடைய வாசலில் அல்ல, மற்றவர்களின் கைத்தொலைபேசியில். ஒழுங்கையில் இருக்கிற எல்லோரும் அதன்கீழ் நின்று படம் எடுத்துவிட்டு வேலை மினக்கெட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

"பாத்தியளோ ரீச்சர், தங்கச்சியின்ரை வாசலை?"

பார்த்தேன். பச்சைப் பிளாஸ்டிக் இலை, இடையிடையே சிவப்புப் பழங்கள், நடுவில் பெரிய ரிபன், உள்ளுக்குள் மினுங்குகிற குட்டி லைற்றுகள். கதவு நிலையைச் சுற்றிவந்து இரண்டு பக்கமும் நிலம்வரை தொங்கியது. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வெயிலில் அதன்மேல் பனி வேறு கொட்டியிருந்தது. வெள்ளைப் பெயின்ற் பனி.

"வடிவுதான்" என்றேன். வயிறு பற்றி எரிந்தது.

மாலைக்காக மட்டும் எரிந்தது என்று சொன்னால் பொய். எல்லாப் படத்திலும் மாலைக்குக் கீழே ஒரு கதிரை இருந்தது. அந்தக் கதிரையில் அம்மா இருந்தார். புதுச்சேலை, புதுக்கண்ணாடி, வாய் கொள்ளாத சிரிப்பு. என் வீட்டில் அந்தச் சிரிப்பை எந்த அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

தங்கை கல்யாணம் முடித்துக் கனடா போனவள். நான் முடிக்காமல் இங்கேயே நின்றவள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், ஓய்வு பெற்றேன், அப்பாவை அடக்கம் செய்தேன், அம்மாவைப் பார்த்தேன். அவள் போன வருடம் எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஒரு வீடு வாங்கினாள். இந்த மார்கழியில் புருஷனோடு வந்து இறங்கி, "கிறிஸ்மசுக்கு அம்மா என்னோடை நிக்கட்டும் அக்கா" என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் அம்மா பையோடு வாசலில் நின்றார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மசுக்கு முதல்நாள் பின்னேரம் கரோல் பாடப் புறப்படுகிறவர்கள், சபையிலேயே வயதில் மூத்தவர் இருக்கிற வீட்டு வாசலில்தான் முதல் பாட்டைப் பாடுவார்கள். சில வருடங்களாக அந்த மூத்தவர் என் அம்மா. ஆகவே முதல் பாட்டு என் வாசலுக்கு. அதற்காக நான் வீட்டைக் கழுவி, சவுக்குக் கொப்பும் குரோட்டன் இலையும் சேர்த்துக் கட்டி, கேக் வெட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். வருடம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத என் கேற்றடியில் அன்றைக்கு மட்டும் ஒரு கூட்டம் நிற்கும். இந்த முறை தங்கை கரோல்காரருக்கு முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லிவிட்டாள்: "அம்மா எங்கடை வீட்டிலை."

எங்கடை வீடாம். சுவரில் பூசிய சீமெந்து இன்னும் காயவில்லை.

ஆனால் கரோல்காரர் என் வாசலைக் கடந்துதான் அங்கே போகவேண்டும். கடக்கும்போது கால் நிற்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் என்று போட்டிக்குப் போக என்னால் முடியாது. தென்னங்குருத்து இருக்கிறதே. கரோல் நாள் காலையிலேயே ஆள் பிடித்து இரண்டு குருத்து வெட்டுவித்து, விறாந்தையில் பாயைப் போட்டு இருந்து, ஓலையைக் கிழித்துக் கிழித்து, குருவி குருவியாகத் தோரணம் மடித்தேன். கை மடித்தது, மனம் முழுக்க அந்தக் கதிரையில்தான் இருந்தது. கதவு நிலையில் தொடங்கி முற்றத்தைத் தாண்டிக் கேற் வரைக்கும் இரண்டு பக்கமும் கட்டினேன். அவளுக்குப் பனி என்றால் எனக்கும் பனி. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கேற்றில் தொங்கவிட்டேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். மோட்டரைப் போட்டால் வேறு ஒரு சத்தமும் கேட்காது.

மோட்டரை நிற்பாட்டியபோது ஒழுங்கையில் ஒப்பாரி கேட்டது.

ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினேன். கேற்றடியில் பக்கத்து வீட்டு மனுசி நெஞ்சைப் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா. ஊன்றுகிற பொல்லு இல்லை, செருப்பு இல்லை, சேலை அவிழ்ந்து தெருவில் இழுபட, அம்மா ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் பின்னால் தங்கை, "அக்கா, என்ரை அக்கா" என்று குளறிக்கொண்டு.

அம்மா என்னைக் கண்டதும் நின்றார். கிட்ட வந்து என் முகத்தைத் தடவினார். அடுத்த கணம் என் தோளில் பளார் என்று ஓர் அடி.

"உயிரோடையோடி நிக்கிறாய்?"

"என்னம்மா நடந்தது?"

"என்ன நடந்ததோ? உதென்னடி கட்டி வைச்சிருக்கிறாய்?"

"கிறிஸ்மசுக்கு, அம்மா."

"ஆரின்ரை கிறிஸ்மசுக்கு? செத்தவீட்டுத் தோரணமடி உது!"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் கட்டுகிற தோரணத்தில் ஓலைக் குருவிகள் மேலே பார்க்கும். சாவுக்குக் கட்டுவதில் கீழே பார்க்கும். என் வாசலிலிருந்து கேற்வரை அத்தனை குருவியும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. எப்படிப் பிழை வராமல் இருக்கும்? இப்போது கல்யாணமெல்லாம் மண்டபத்தில். சோடிக்க வேறு ஆட்கள் வருகிறார்கள். இந்த ஒழுங்கையில் வீட்டில் நடப்பது செத்தவீடு மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் போயிருந்து ஓலை மடித்துக் கொடுப்பவள் நான். கை தனக்குப் பழகியதைச் செய்திருக்கிறது. போதாக்குறைக்கு வெள்ளைத் துணி வேறு.

"கேற்றிலை நிண்டு கூப்பிட்டனான் ரீச்சர், சத்தமே இல்லை" என்றார் பக்கத்து வீட்டு மனுசி. "வீட்டிலை நீங்கள் ஒராள்தானே. வேறை ஆரெண்டு நினைக்கிறது? அதுதான் அம்மாட்டை ஓடினனான்."

பின்னால் வந்துசேர்ந்த தங்கையின் புருஷன் தோரணத்தை அறுத்துக் குவித்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் கண்டேன். அம்மா என் வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இனி நான் ஒரு இடமும் அசையன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செத்தால்தான் அம்மா திரும்பி வருவார் என்றால், ஒரு பின்னேரம் செத்துப்போனது குற்றமில்லை என்று நினைத்தேன். பொழுதுபடக் கரோல்காரர் வந்தார்கள். கதை அவர்களுக்கும் எட்டியிருந்தது. கிற்றார்காரன் கேற்றடியில் நின்று பயந்து பயந்து கேட்டான்: "அன்ரி, பாடலாமோ?"

"வடிவாப் பாடலாம்" என்றேன்.

முதல் பாட்டு, என் வாசலில். வாசலில் ஓர் இலைகூட இல்லை. இருந்தாலும் என் வாசல். தங்கையின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத் திரும்பினேன். அதைப் பார்க்காவிட்டால் வென்றதில் என்ன சுகம்? அவள் நிலையில் சாய்ந்துகொண்டு, வெறுங்காலோடு, அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தான் சாகேல்லையே, பிறகேன் அழுறாய்?"

"அதுக்கில்லை அக்கா." மூக்கைத் துடைத்தாள். "விழுந்துபோவா எண்டு நான் அம்மாவைப் பிடிச்சனான். என்ரை கையை உதறிப்போட்டு உங்களிட்டை ஓடினவ. அங்கை எனக்கு ஒண்டு நடந்தா, அவவாலை அப்பிடி ஓடி வர ஏலுமோ?"

கனடாவுக்கு யார் ஓடுவது? இத்தனை வருடமும் அவளிடம் இருப்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் புழுங்கினேன். என்னிடம் இருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாவது பாட்டுத் தொடங்கியது. உள்ளே போய் இன்னும் இரண்டு கதிரைகள் கொண்டுவந்தேன். தங்கையின் கையைப் பிடித்து அம்மாவின் இடப்பக்கம் இருத்தினேன். அம்மாவுக்குக் கேட்கிற காது வலப்பக்கம். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.