முட்டையை மூட்டையாக்கியவன்

கப்பல்துறை யோகலிங்கத்துக்குச் சமைக்கத் தெரியாது. முட்டை அவிக்கப் போனாலும் தண்ணீரை வற்றவிட்டுச் சட்டியைக் கருக்குகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். ஏனென்றால், ஒரு வருடத்துக்கு மேலாக என் கடையில் உட்கார்ந்து சட்டி, குசினி, கறி என்று அவன் கொழும்போடு கதைத்ததைக் கேட்டவர்கள் அவனை ஒரு ஹோட்டல்காரன் என்றே நினைத்திருந்தார்கள். அப்படிக் கதைக்க வைத்தவன் நான்தான்.

என் பெயர் பாயிஸ். திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நெட் கடை வைத்திருந்தேன். யோகலிங்கம் என்கிற யோகன் கொழும்பில் ஒரு கம்பனிக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். மொத்த வியாபாரிகளின் ஸ்டோர்களில் எத்தனை மூட்டை மா, எத்தனை மூட்டை சீனி என்று கணக்கு வைக்கும் மென்பொருள். 2007 ஆனி மாதம் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களையெல்லாம் பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அந்தப் பஸ்ஸில் அவனும் வந்தான். கொழும்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டார்களாம். மென்பொருள் என்றானாம். பொருளைக் காட்டு என்றார்களாம். காட்ட முடியாத பொருளை வைத்திருப்பவனை யார்தான் நம்புவார்கள்?

கம்பனி அவனைக் கைவிடவில்லை. பழைய லப்டொப் ஒன்றை அனுப்பி, ஊரிலிருந்தே வேலை செய் என்றது. அவனுக்கும் அதுதான் வேண்டும். அப்போதுதான் இராசமலரைக் கட்டியிருந்தான். இந்த வேலை போனால் அடுத்தது வெளிநாடு, கட்டார்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கப்பல்துறையில் அவன் வயதுக்காரர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். யோகனுக்கு வீட்டில் இருக்கவேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் வேலை செய்ய, கம்பனியின் களஞ்சியம் கையில் இருக்கவேண்டும். களஞ்சியம் என்று அவர்கள் சொல்வது மென்பொருளை மட்டுமல்ல. தொடங்கிய நாளிலிருந்து எந்த வரியை யார் எழுதினார், யார் மாற்றினார் என்ற முழுச் சரித்திரமும் அதற்குள் இருக்கும். எங்கள் ஊர் டெலிபோன் லைனில் அது இறங்கவே இறங்காது. பாதி வரும்போது லைன் விழும். லைன் விழாமல் நின்றால் கரண்ட் போகும். இரண்டும் இருந்தால் ரவுண்டப், சுற்றிவளைப்பு என்று கடையைப் பூட்டச் சொல்வார்கள்.

ஒருநாள் பொறுமை கெட்டுப்போய், கம்பனியில் அவனுக்கு மேலே இருந்த சோமசேகரத்துக்கு என் கடைப் போனில் உரத்துச் சொன்னான்.

“அண்ணை, களஞ்சியம் முழுக்க இங்க கொண்டுவர ஏலாது. ஒரு கிளை காணும். மோதல் வந்தா நான் பாத்துக்கொள்ளுறன்.”

கடையில் அப்போது தமிழ் விளங்கும் ஒரு ஆமிக்காரர் மனைவிக்கு மெயில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவதை நிறுத்திவிட்டார். களஞ்சியம், கிளை, மோதல் என்றால் அவருக்கு ஆயுதமும் இயக்கமும்தான். கிளை என்றால் கொம்பியூட்டர்காரர்களுக்கு மென்பொருளின் ஒரு பிரிவு. மோதல் என்றால் இரண்டு பேர் ஒரே வரியைத் திருத்துவது. இதையெல்லாம் நான் பூசாத் தடுப்பு முகாமில் இருந்துகொண்டா விளங்கப்படுத்துவது? போனைப் பறித்து வைத்தேன். அன்றைக்கே புதுப் பெயர்கள் போட்டுக் கொடுத்தேன். களஞ்சியத்துக்குக் குசினி. கிளைக்குச் சட்டி. மோதலுக்கு உப்புக் கூடிப்போச்சு. எந்த வரியை யார் எழுதியது என்று தேடிப் பார்ப்பதற்கு, ஆர் சமைச்சது.

சோமசேகரம் வழி சொன்னார். சரித்திரத்தை வெட்டிவிட்டுக் கடைசி நிலையை மட்டும் இறக்கலாமாம். இந்த நாட்டில் ஆளாளுக்குச் சரித்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடிபட்டபோது, சரித்திரமே வேண்டாம், நேற்றைக்கு இருந்தது போதும் என்று கேட்ட ஒரே மனிதன் யோகன்தான். குசினி வேண்டாம், கடைசியாக அடுப்பில் இருந்த சட்டி காணும் என்று போனில் கேட்டான். அது ஒரு பின்னேரத்தில் இறங்கி முடிந்தது.

அந்தக் கடைசி நிலை எது என்பதை இங்கே சொல்லவேண்டும். பஸ்ஸில் ஏற்றப்படுவதற்கு முதல்நாள் யோகன் கம்பனியில் ஒரு திருத்தம் செய்திருந்தான். மென்பொருளில் மூட்டை என்று வரவேண்டிய இடத்தில் முட்டை என்று இருந்தது. நானூறு முட்டை சீமெந்து என்று ஒரு வியாபாரிக்கு ரசீது போயிருக்கிறது. யோகன் அந்த ஓர் எழுத்தை நெடிலாக்கிச் சேமித்துவிட்டு லொட்ஜுக்குப் போய்ப் படுத்தான். நகல் இறங்கும்வரை அதற்கு மேல் வேறு யாரும் எதையும் சேமிக்கவில்லை. அவனுக்கு வந்த நகலில் இருந்த சரித்திரம் அவ்வளவுதான்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகவே போனது. வீட்டில் லைன் இல்லாமல் எழுதுவான். மாற்றியதை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவான். வழியில் ஆமிச் சென்றியில் லப்டொப்பைத் திறக்கச் சொல்வார்கள். படமும் இல்லை பாட்டும் இல்லை என்று அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். நான் கொழும்புக்கு அனுப்பிவைப்பேன். அந்த ஆமிக்காரர் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, ஐயாவின் ஹோட்டல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அடுத்த வருட மழைக்காலத்தில் கொழும்பில் ஏ.சி. தண்ணீர் ஒழுகிக் கம்பனியின் சேர்வர் செத்துப்போனது. அங்கே தனித்தனி நகல் வைத்திருப்பது இடத்தை வீணாக்கும் என்று டிரெக்டர் தடுத்திருந்தார். எல்லோரும் அந்த ஒன்றிலேயே வேலை செய்தார்கள். காப்புக்கென்று அலுமாரியில் பூட்டிவைத்த டிஸ்க்கை எடுத்துப் போட்டுப் பார்த்தால், டிரெக்டர் குடும்பம் நுவரெலியாவில் குதிரை ஓடிய படங்கள். மிஞ்சியது கப்பல்துறையில் இருந்த சட்டி மட்டும்தான்.

யோகன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மற்ற வாடிக்கையாளர்களை எழுப்பிவிட்டு லைன் முழுவதையும் அவனுக்குக் கொடுத்தேன். கம்பனி பிழைத்தது. டிரெக்டரே போன் எடுத்துப் பாராட்டினார். இராசமலர் அப்போது மாசமாக இருந்தாள். இனி வேலைக்குப் பயமில்லை என்று எனக்கு மீன் வைத்த மாலு பண் வாங்கித் தந்தான். நானும் நம்பித் தின்றேன்.

கொஞ்ச நாளில் ஒரு பெரிய வியாபாரியின் ஸ்டோரில் இல்லாத மாவை இருக்கிறது என்று மென்பொருள் காட்ட, லொறிகள் வெறுமையாகத் திரும்பின. வியாபாரி கத்தினார். பிழையான வரியை யார் எழுதியது என்று பார்க்கும்படி டிரெக்டர் உத்தரவிட்டார். பார்த்தார்கள். யோகலிங்கம் என்று வந்தது. அதற்கு மேல் வரி? யோகலிங்கம். கீழே? யோகலிங்கம். சரித்திரத்தை வெட்டினால், அதற்கு முந்தியதெல்லாம் வெட்டின இடத்தில் நின்றவனின் கணக்கில் ஏறிவிடும். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் எழுதப்பட்ட வரிகள்கூட அவன் பெயரில், அந்த ஆனி மாதத்து ஒரே நாளில் எழுதப்பட்டதாக இருந்தன. டிரெக்டருக்கு அது வினோதமாகப் படவில்லை. ஒரு நாளில் இவ்வளவு எழுதினால் பிழை வரத்தானே செய்யும் என்றாராம்.

யோகன் போனில் நின்று விளங்கப்படுத்திப் பார்த்தான். நான் திருத்தியது ஓர் எழுத்து என்றான். ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் இருந்தது வெட்டிப்போட்ட சரித்திரத்தில். கடைசியில் சோமசேகரத்தைப் பிடித்தான். அவனுடைய முகத்தைப் பார்த்து, எனக்கும் கேட்கும்படி நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த வரியை ஆர் சமைச்சது?”

ஸ்பீக்கரில் சோமசேகரத்தின் குரல் தணிந்து வந்தது.

“நான்தான் யோகன். ஆனா பேர் உம்மடைதானே கிடக்கு.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் வாயில் வந்த சொற்களை இங்கே எழுதமுடியாது. சோமசேகரத்துக்கும் கொழும்பில் வீட்டு வாடகையும் பொலிஸ் பதிவும் பிள்ளைகளும் இருந்தன, தெரியும். தெரிந்தும் எனக்கு அந்த ஆளை இன்றுவரை பிடிக்காது. யோகன் போனை மெதுவாக வைத்துவிட்டு, சரித்திரம் வேண்டாமென்று கேட்டது நான்தானே, பாயிஸ் நானா, என்றான்.

வேலை போய், அவன் கட்டாருக்குப் போனபோது இராசமலருக்கு ஏழாம் மாசம். பெண் பிள்ளை பிறந்தது. சில மாதம் கழித்து இராசமலர் பிள்ளையின் படங்களை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்தாள். அவளுடைய தம்பி பிறந்த நாளிலிருந்து எடுத்துத் தள்ளியிருந்தான். நான் லைனுக்கு ஏற்றபடி, கடைசியாக எடுத்த ஒன்றை மட்டும் சின்னதாக்கி அனுப்பிவைத்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அது காணும்தானே.

பதில் உடனே வந்தது.

“பாயிஸ் நானா, வெட்டாதேங்கோ. முதல் நாளில இருந்து முழுக்க வேணும்.”

கடையில் இருந்தவர்களை எழுப்பிவிட்டேன். ஏசினார்கள். ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினேன், இராசமலர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பாதியில் லைன் விழுந்தது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம்.