கிறிஸ்டினா கொடுத்த கும்புளா

கிறிஸ்டினாவிடம் வாய் கொடுத்துவிட்டு மரியாதையோடு திரும்பியவர்கள் பாம்பனில் குறைவு. காலை ஆறு மணிக்கெல்லாம் அக்காள்மடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவாள். இறங்கும்போதே டிரைவரோடு ஒரு சண்டை முடிந்திருக்கும். மீன் விற்க வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. புருஷன் யேசுதாஸ் இடுப்பொடிந்து கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு வீட்டில் அடுப்பெரிவது இவள் வாயால்தான். "லாரி மீனு நம்ம பெட்டியில ஏறாது. பாம்பன்ல இறங்குனாத்தான் எடுப்பேன்" என்பாள். அந்த ஒரு பேச்சை நம்பி ராமநாதபுரத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அந்த வாய்க்கு இப்போது தீனி, மதுமதி என்கிற ஆராய்ச்சி மாணவி. முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். மீன் வயிற்றில் எவ்வளவு பிளாஸ்டிக் சேர்கிறது என்று பார்க்க, மே மாதம் கிறிஸ்டினாவிடம்தான் இருபது கும்புளா மீன் வாங்கிப் போனாள். போன வாரம் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: பாம்பன் மீனில் பிளாஸ்டிக். அன்றிலிருந்து எல்லோரும் ஈ ஓட்டுகிறார்கள். பக்கத்துப் பெட்டிக்காரி அனிட்டா புருஷனைப் பறிகொடுத்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்ப்பவள். நாலு நாளாக, விற்காத மீனைக் கோழித்தீவனக்காரனுக்குத் தள்ளிவிட்டுப் போகிறாள்.

ஆனால் மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன; நாட்டுப்படகு மீனோ வாங்கிக் கட்டுப்படியாகாது. எங்கிருந்தோ லாரியில் வந்த ஐஸ் மீனை இருட்டோடு இருட்டாக வாங்கி, பாம்பன் மீன் என்று விற்றாள் கிறிஸ்டினா. மதுமதிக்கும் அதையே கொடுத்தாள். படிக்கிற பிள்ளைதானே, குழம்பா வைக்கப் போகிறது என்று நினைத்தாள்.

இன்றைக்கு மதுமதி ஐஸ்பெட்டியோடு வந்து நின்றதுமே கிறிஸ்டினா எழுந்துவிட்டாள்.

"வாடி, வயித்துல அடிச்சவளே! எங்கிட்ட மீன வாங்கி எங்க வாயிலயே மண்ணப் போட்டுட்டேல்ல? இன்னும் என்ன அள்ளிட்டுப் போக வந்த?"

மற்ற பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். மதுமதி நோட்டைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் மீனு வாங்குன அன்னைக்கு விசைப்படகே போகலன்னு எங்க சார் சொல்றாரு. அது நாட்டுப்படகு மீனா, வெளி மீனா? வெளி மீனுன்னா சொல்லிருங்க. நான் தப்பா எழுதிட்டேன்னு பேப்பருக்கு நானே எழுதிக் குடுத்துர்றேன். பாம்பன் பேரு சரியாயிரும்."

கிறிஸ்டினாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பாவிப்பெண் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். இப்படித் தன்மையாகக் கேட்டு உயிரை வாங்குகிறாளே! ராமநாதபுரத்து வாடிக்கைக்காரர் இரண்டு பேர், வாங்காவிட்டாலும், என்னதான் சொல்கிறாள் பார்ப்போம் என்று நின்றிருந்தார்கள். வெளி மீன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் பிழைக்கும். அதற்குப் பிறகு கிறிஸ்டினாவிடம் யார் வருவார்கள்?

"நாட்டுப்படகு மீனுதான்டி. மாதா மேல சத்தியமா பாம்பன்ல இறங்குன மீனு. நல்லா எழுதிக்க. எழுதிட்டு ஓடிரு!"

மதுமதி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

அதற்குள் அனிட்டா பாய்ந்து ஐஸ்பெட்டியை எட்டி உதைத்தாள். "மாதா மேலயே சத்தியம் பண்ணிட்டாக, இன்னும் என்னடி உனக்கு? இனி இங்கன காலெடுத்து வச்சே, நடக்குறதே வேற!"

மதுமதி உருண்ட பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அனிட்டா திரும்பி வந்து கிறிஸ்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ இல்லேன்னா எங்களுக்காகக் கேக்க யாரு இருக்காக்கா?"

கிறிஸ்டினாவுக்கு அந்தக் கை சுட்டது. வெடுக்கென்று உதறினாள்.

"போடி, போயி உன் யாவாரத்தப் பாரு!"

பார்ப்பதற்கு அனிட்டாவுக்கு வியாபாரம் எதுவும் இல்லை.